மொம்பாசாவுக்குப் போகாத ஆறாம் லைன்

1. கடிதத்துக்கு முன் வந்த பெட்டிகள்

கொழும்புத் தலைமை அலுவலகத்தின் கடிதம் வருவதற்கு முன்பே மரப்பெட்டிகள் வந்துவிட்டன. கொழும்பிலிருந்து வந்த லொறி தொழிற்சாலை வாசலில் நிற்க, எங்கே இறக்குவது என்று காவலாளி என்னிடம் வந்து கேட்டார். புதுப் பலகை வாசம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கப் பலகையிலும் கறுப்பு மையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சுக் குத்தியிருந்தார்கள்: மொம்பாசா. கென்யாவின் துறைமுகம் அது. எங்கள் முதலாளிக்கு அங்கேயும் ஒரு தொழிற்சாலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெட்டிக்குள் என்ன போகப் போகிறது என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன் என்பதால், என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேர்க் ஸ்டடி பகுதியில் இருக்கிறேன். ஒரு உடுப்பைத் தைக்க எத்தனை கைகள் வேண்டும், எந்த மெசினுக்குப் பக்கத்தில் எந்த மெசின் இருக்க வேண்டும், ஒரு தையலுக்கு எவ்வளவு நேரம் நியாயம் என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் இடையில், வாவிப் பக்கமாக இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. அமெரிக்கக் கொம்பனி ஒன்றுக்கு மழை ஜாக்கெட் தைக்கிறோம். மற்ற லைன்களில், அதாவது மெசின் வரிசைகளில், தையல் மட்டும்தான். ஆறாம் லைனில் தைத்த இடத்தின் மேல், உட்பக்கமாக, சீம் டேப் என்கிற தண்ணீர் புகாத பட்டியை ஒட்டுவார்கள். ஊசி போன ஒவ்வொரு துளையாலும் தண்ணீர் உள்ளே வரும். சூடான காற்றை ஊதி டேப்பை ஒட்டி அந்தத் துளைகளை மூடுகிற மெசின்கள் ஆறாம் லைனில்தான் இருந்தன. பெட்டிகள் வந்தது அந்த மெசின்களுக்காகத்தான்.

அன்று காலையிலேயே ஜி.எம்., எங்கள் பொது முகாமையாளர், என்னையும் ஆறாம் லைன் சுப்பர்வைசர் பர்வீனையும் கூப்பிட்டார். அவர் மட்டக்களப்பு டவுன்காரர். கதையைச் சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லாதவர். அமெரிக்கா நம் நாட்டுச் சாமான்களுக்கு முதலில் நாற்பத்து நான்கு வீதம் வரி என்று அறிவித்ததும், பிறகு அதை நிறுத்திவைத்ததும், ஜூலையில் முப்பது என்று புதுக் கடிதம் அனுப்பியதும் எங்களுக்கும் தெரியும். போனில் எல்லோரும் பார்த்ததுதான். கென்யாவுக்கு அதைவிட நன்றாகக் குறைவு.

“வரிய நாம கட்டுறதில்ல. அங்க சாமான் இறக்கிறவன்தான் கட்டுறான்” என்றார் ஜி.எம். “ஆனா அவன் அதக் கொண்டுவந்து நம்மட தலையிலதான் வைப்பான். விலையக் குறை எண்டு கேப்பான். குறைக்க ஏலாட்டி குறைஞ்ச வரி எங்க இருக்கோ அங்க போவான். மெசினைக் கழட்டத் தொடங்குங்க, மிஸ்.”

பர்வீன் ஏறாவூரைச் சேர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்ட கையோடு மெசினில் வந்து உட்கார்ந்து, படிப்படியாகச் சுப்பர்வைசர் ஆனவள். பயமில்லாமல் கேட்டாள்: “லைன்ல இருக்கிற புள்ளையள் என்ன சேர் செய்யிற? அதுகளுக்கும் பெட்டி வந்திருக்கா?”

ஜி.எம். முடிந்தவர்களை மற்ற லைன்களுக்குப் பிரித்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். எல்லோரையும் பிரிக்க இடம் இல்லை என்பது என் கணக்கிலேயே தெரிந்தது.

2. பெட்டியில் போகிற தொழில், போகாத தொழில்

அன்று முழுவதும் ஒரே கேள்வி மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரி அறிவிப்பால் வேலை கடல் தாண்டிப் போய்விடுமா?

என் கணவரின் குடும்பத்துக்கு உன்னிச்சைப் பக்கம் வயல் இருக்கிறது. நெல்லுக்கு எந்த நாடு எந்த வரி போட்டாலும் அந்த வயல் வட்டையை யாரும் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோக முடியாது. குளமும் வராது. தையல் மெசினோ நான்கு திருகாணியில் நிற்கிறது. காலையில் கழற்றினால் பின்னேரம் லொறியில் ஏறிவிடும். உடுப்புத் தொழில் நாடு நாடாக அலைவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்தத் தொழிலே பாரம் இல்லாதது. வரி என்பது ஒரு தள்ளு. பாரம் இல்லாத பொருள்தான் தள்ளினால் உருளும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. துணி வேறு இடத்திலிருந்து அங்கே போக வேண்டும். டேப் ஒட்டிப் பழகாத கைகளுக்கு முதல் சில மாதம் நட்டம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வரி அடுத்த மாதமும் இதே எண்ணில் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? நாற்பத்து நான்கு முப்பதானதை நாங்களே பார்த்தோம். நிலையாக நிற்கிற வரி தொழிற்சாலையை நகர்த்தும். நாளுக்கு நாள் ஆடுகிற வரி எல்லோரையும் காத்திருக்க வைக்கும்.

இதையெல்லாம் ஜி.எம்.இடம் சொன்னேன். ஆச்சரியமாக, அவரும் அதையேதான் கொழும்புக்கு எழுதியிருந்தார். பையர், அதாவது ஜாக்கெட் வாங்குகிற அந்த அமெரிக்கக் கொம்பனி, அசைந்து கொடுத்தது. புது மாதிரி ஜாக்கெட் ஒன்றை, தலையில் ஹூட் வைத்தது, இரண்டு தொழிற்சாலையும் சிறிய அளவில் தைத்துக் காட்டட்டும், வோட்டர் டெஸ்டில் பாஸ் ஆகிற இடத்துக்கு அடுத்த பருவத்து ஓடர் என்று பதில் வந்தது. வரி வித்தியாசத்தைத் தங்களுக்குள் பிறகு பேசிக்கொள்ளலாமாம்.

பர்வீன் ஓடிப்போய் லைனில் சொன்னாள். கைதட்டல் என் அறை வரைக்கும் கேட்டது.

ஒரே ஒரு சிக்கல். அதற்குள் பாதி மெசின் பெட்டிக்குள் போய்விட்டது. அவசரமாக இரண்டு டேப் மெசின்களை வெளியே எடுத்தோம். பாரம் குறைந்த சாமான்களான, தைத்ததைத் தொங்கவிடுகிற ட்ரொலிகளைத்தான் முதலில் அடைத்திருந்தோம். அவை பெட்டியின் அடியில் கிடந்தன. அவற்றை எடுக்க நேரமில்லை, ட்ரொலி இல்லாமல் சமாளிக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். இந்தச் சின்ன முடிவைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஜெயந்தி

ஒரு மெசினில் பர்வீனே உட்கார்ந்தாள். மற்றதில் ஜெயந்தி. எங்களிடம் இருந்த டேப் கைகளில் அவளுடையதுதான் சிறந்த கை.

ஜெயந்தி சித்தாண்டிக்காரி. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு, மகள் பெரியவளாகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தவள். பெட்டிகள் வந்த மறுநாளே, காலாவதியாகியிருந்த பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டாள். வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்காரர் மெடிக்கல் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

“லைன் வெளிநாட்டுக்குப் போனா நானும் வெளிநாட்டுக்குத்தான், மிஸ். அது கப்பல்ல, நான் பிளேன்ல. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே குனிந்து மெசினைப் பார்த்துக்கொண்டாள். மகளுக்கு அடுத்த வருடம், பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சை.

4. ஆடி வெள்ளி

பைலட் ரன், அதாவது அந்த மாதிரித் தையல், ஒரு ஆடி வெள்ளிக்கிழமை நடந்தது. காலையிலேயே லைன் கோயில் வாசலைப்போல இருந்தது. செங்கலடி, சித்தாண்டிப் பெண்கள் எண்ணெய் வைத்து முழுகி, திருநீறும் பூவுமாக வந்திருந்தார்கள். ஏறாவூர்ப் பெண்கள் பர்வீனோடு பிஸ்மி சொல்லி மெசினைத் தொட்டார்கள். தையல் பறந்தது. இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு லைனைப் பார்த்ததில்லை. யாரும் யாரையும் விரட்டவில்லை. நான் நிற்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் இடத்தைவிட்டு அசைய மனம் வரவில்லை.

டேப் மெசின் சூடாகத் தொடங்கியதும் ஒரு வாசம் கிளம்பியது. வீட்டு அடுப்பங்கரை வாசம்.

“ஆருகா தாளிக்கிற?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

“பகல் சாப்பாடு பெரிய விசேசம் போல. கொஞ்சம் கறிவேப்பிலையும் போடு, புள்ள” என்றாள் இன்னொருத்தி. காலை முழுவதும் அதுதான் பகிடி. நானும் சிரித்தேன்.

பத்து மணித் தேநீருக்குப் பிறகு முதல் ஹூட்களை எங்கள் சொந்த டெஸ்டுக்குக் கொடுத்தோம். மெசினில் துணியை இறுக்கிக் கீழிருந்து தண்ணீரை அழுத்திக் கொடுப்பார்கள். டேப் பிடித்திருந்தால் மேல் பக்கம் காய்ந்தே இருக்கும். பர்வீனின் ஹூட்கள் காய்ந்திருந்தன. ஜெயந்தியின் ஹூட்களில், டேப்பின் ஓரத்தில், வியர்வைபோல முத்து முத்தாகத் தண்ணீர் வந்தது.

மெக்கானிக் சூட்டைக் கூட்டினார். பிறகு குறைத்தார். காற்று வேகத்தை மாற்றினார். ஜெயந்தியின் ஹூட் ஒழுகிக்கொண்டே இருந்தது. மெசின்தான் பிழை என்று இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்தோம். அப்போதும் ஜெயந்தி ஒட்டியது ஒழுகியது. ஜி.எம். வந்து பின்னால் நின்று பார்த்தார். என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, அவளை எடுத்துவிட்டு வேறு யாரையாவது போடச் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் ஜெயந்திக்குக் கேட்டுவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, மெசினுக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள்.

“என்ட கைதான் போல மிஸ்” என்றாள். “குவைத்துல கோப்பை கழுவின கை. கழுவத்தான் சரி.”

அவள் விட்டுவைத்திருந்த ஹூட்களைப் பர்வீன் தன் பக்கம் இழுத்து எடுத்து ஒட்டத் தொடங்கினாள். முதல் ஹூட் சூட்டில் பட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

“மிஸ், இஞ்ச வாங்க. வாசம் இப்ப இஞ்ச வருது.”

காலை முழுவதும் வாசம் எந்த மெசினில் வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. வாசம் மெசினோடு போகவில்லை. ஜெயந்தி தொட்ட ஹூட்களோடு போயிருந்தது. பர்வீன் அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு எழுந்து வந்து ஜெயந்தியின் பின்னலைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

“அடி புள்ள, தலைக்கு வைச்ச எண்ணெயில ஜாக்கெட்டுக்கும் பங்கு குடுத்திருக்காய்.”

நடந்தது இதுதான். ட்ரொலி இருந்திருந்தால் தைத்த ஹூட்கள் கம்பியில் தொங்கும். ட்ரொலி இல்லாததால், இரண்டு கையும் வேலையில் இருக்க, வயலில் துவாயைப் போடுவதுபோல அவள் ஹூட்களை இடது தோளில் போட்டுக்கொண்டாள். தொப்பி தலைக்கு உண்டு. ஆனால் ஜெயந்தியின் பின்னல் எந்தத் தொப்பிக்குள்ளும் அடங்காது. பின்னால் விட்டால் கதிரையில் சிக்கும் என்று அதை முன்பக்கம், அதே இடது தோளில்தான் விடுவாள். டேப் ஒட்ட வேண்டிய உட்பக்கம் நேராக அந்த எண்ணெய்ப் பின்னலின்மேல் கிடந்திருக்கிறது. எண்ணெய் பட்ட இடத்தில் டேப் பிடிக்கவில்லை. பர்வீனும் ஹூட்களைத் தோளில்தான் போட்டிருந்தாள். ஆனால் அவள் தோளில், தலையையும் தோளையும் மூடுகிற மக்கனா முக்காடு இருந்தது.

“எங்கட மக்கனாவால இப்பிடியும் ஒரு பிரயோசனம். சேர்ட்ட சொல்லுங்க, மிஸ், எனக்கொரு சம்பள இங்கிரிமென்ட்” என்றாள் பர்வீன். லைன் முழுவதும் சிரித்தது. ஜெயந்தி சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

இருபது வருடத்துக்கு மேலாக மெசினுக்குப் பக்கத்தில் இருந்து கைகளையே பார்த்து வந்தேன். தோளைப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் கற்றேன்.

5. பெட்டியை உடைத்தோம்

பையரின் ஆள் புதன்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி தைக்க வேண்டும். செவ்வாயும் முழுக்கு நாள் என்று பின்வரிசையிலிருந்து உடனே குரல் வந்தது. வீட்டில் மாமி என்ன சொல்வாவோ என்று ஜெயந்தி தயங்கினாள்.

“மாமியோட நான் வந்து கதைக்கவா?” என்று கேட்டாள் பர்வீன்.

“வேணாங்கா. நீ வந்தா மாமி உனக்கும் எண்ணெய் வைச்சுத்தான் அனுப்புவா.”

யாருடைய முழுக்கையும் நிறுத்துவது என் வேலையில்லை. துணிக்குத் தொங்க ஓர் இடம் கொடுப்பதுதான் என் வேலை. பழைய ட்ரொலியில் தொங்கினாலும் ஒன்றோடொன்று உரசும். இந்த ஹூட் அகலமானது. உட்பக்கம் எதிலும் படாமல் விரித்துத் தொங்கவிட அகலமான சட்டம் வேண்டும். அந்த நேரத்தில் எங்களிடம் இருந்த ஒரே பலகை, மொம்பாசா என்று எழுதியிருந்த பலகைதான்.

ஜி.எம்.இடம் போய்க் கேட்டேன். பெட்டிகள் கணக்கில் உள்ள சாமான், கொழும்புக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் என்னோடு வந்து பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, “ஒண்டை உடையுங்க. மிச்சத்த மறுகா பாப்பம்” என்றார்.

மெக்கானிக் சுத்தியலால் அடித்த சத்தம் கேட்டதும் மற்ற லைன்களிலிருந்தும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆணி கழலும்போதும் ஒருத்தி கைதட்டினாள். பின்னேரத்துக்குள் இரண்டு மெசினுக்கும் பக்கத்தில் இரண்டு சட்டங்கள் நின்றன. பலகைகளை நன்றாகச் சீவி, துணி படும் இடங்களில் பொலித்தீன் சுற்றினோம். டேப் மெசினில் இருக்கிறவர்கள் பின்னலைக் கொண்டையாகச் சுற்றி இரண்டாவது தொப்பிக்குள் வைக்க வேண்டும் என்று விதி போட்டோம். செவ்வாய்க்கிழமை ஜெயந்தி முழுகித்தான் வந்தாள். இரண்டு தொப்பியோடு அவளைப் பார்த்தால் தலையில் ஒரு பூசணிக்காய் இருப்பதுபோல இருந்தது. அன்று எந்த மெசினிலும் தாளிக்கிற வாசம் வரவில்லை.

6. காய்ந்த துணி

புதன்கிழமை வந்தவர் பையரின் கொழும்பு அலுவலகத்துத் தரப் பரிசோதகர், நிமல் என்ற சிங்களவர். தமிழ் ஓரளவு பேசுவார். குவியலிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஹூட்களை உருவி எடுத்தார். மூன்றாவதாக எடுத்தது ஜெயந்தி ஒட்டியது. தையல் முடிவில் டேப்பைச் சின்னதாக மடித்து விடுவது அவள் பழக்கம், அதனால் எனக்குத் தெரியும். பர்வீனுக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் அழுத்தம் ஏறியது. நிமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டெஸ்ட் அறைக் கண்ணாடி வழியாக ஜெயந்தி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரலால் துணியின் மேல் தடவினார். விரலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“காயிது” என்றார். “ஹொந்தாய், நல்லம். அடுத்தது.”

கடைசி ஹூட் வரைக்கும் காய்ந்தே இருந்தது. பர்வீன் கதவைத் திறந்து லைன் பக்கம் திரும்பி இரண்டு கையையும் மேலே தூக்கினாள். மெசின்கள் ஒரே நேரத்தில் நின்றன. பிறகு எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. நிமல் திடுக்கிட்டுத் தன் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

கென்யாவில் தைத்ததும் பாஸ் ஆனதாகப் பிறகு அறிந்தோம். ஆனால் அவர்களுக்கு டேப் மெசின் போதாது. நாங்கள் அனுப்ப வேண்டிய மெசின்கள் எங்களிடமே வேலை செய்துகொண்டிருந்தன. அதே வார முடிவில் நம் நாட்டு வரி இருபது என்று இறங்கியது. அடுத்த பருவத்து ஓடர் ஆறாம் லைனுக்கு என்று மின்னஞ்சல் வந்தது.

எது எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் தொழிற்சாலையில் வாக்குவாதம் நடக்கிறது. வரி இறங்கியதுதான் என்கிறார் ஜி.எம். தன் மக்கனாதான் என்கிறாள் பர்வீன். இருபதாக இறங்கிய பிறகும் கென்யாவின் வரி எங்களுடையதைவிடக் குறைவு. ஆகவே வரி மட்டும் முடிவெடுத்திருந்தால் நாங்கள் இன்று இங்கே இல்லை. வரி முப்பதிலேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் மெசின்கள் கப்பல் ஏறியிருக்கலாம். இரண்டும் உண்மை. வரி வேலையைத் தள்ளுகிறது. தள்ளுகிற நேரத்தில் அந்த வேலை எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதுதான் அது போகுமா நிற்குமா என்பதைச் சொல்கிறது. வரி எங்கள் கையில் இல்லை. பாரம் கொஞ்சம் எங்கள் கையில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் லைனில் எதைப் பெட்டியில் அடைக்க முடியாதோ அதைக் கண்டுபிடியுங்கள். அதை வளருங்கள். நீங்கள் இதை வாசிக்கும்போது வரி எந்த எண்ணில் நிற்குமோ எனக்குத் தெரியாது.

ஜெயந்தி ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்து மெடிக்கலுக்கு வரவில்லை என்று சொன்னாள். அவர் வேறு நாள் தரவா என்று கேட்டாராம். “நாளெல்லாம் வேணாம், எனக்கு இஞ்ச சோலி இருக்கு” என்று வைத்துவிட்டாளாம். இதை லைனில் எல்லோருக்கும் நடித்தே காட்டினாள்.

மெசின்களை வெளியே எடுத்துவிட்டு, மிச்ச வெறும் பெட்டிகளைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினோம். உடைத்த பெட்டி மட்டும் சட்டங்களாக நிற்கிறது. ஜெயந்தியின் சட்டத்தில் மேல் பலகையில் மொம்பாசா என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. சீவும்போது அழிக்க வேண்டாம் என்று சொன்னது அவள்தான். ஒருநாள் ஹூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டே அந்த ஊர் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டாள். தென்மேற்கே, கடலுக்கு அப்பால் என்று கையைக் காட்டினேன். அங்கே எங்கள் மெசின்களுக்காக ஒரு பக்கத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள் என்றும், அந்த இடம் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது என்றும் ஜி.எம். சொன்னதை அவளிடம் சொன்னேன்.

அவள் அந்த எழுத்தின்மேல் படிந்திருந்த நூலைத் தட்டிவிட்டாள். பிறகு மெசினில் உட்கார்ந்து, அடுத்த ஹூட்டை எடுத்தபடி கேட்டாள்:

“அங்கத்தப் பொம்புளையள் தலைக்கு என்ன எண்ணெய் மிஸ் வைக்கிற?”